கீழே வெட்டிய மடை

ஞானாம்பாளுக்கு வந்த வலி ஊரில் மற்றவர்களுக்கு வருகிற வலியைப் போல இல்லை. அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

மரக்காணம் உப்பளத்தில் இடுப்பு வலிக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாரினால் வேறென்ன ஆகும்? ஆனால் அந்த வலிக்கெல்லாம் ஒரு ஒழுங்கு உண்டு. குனிந்தால் வலிக்கும், நிமிர்ந்து கையை இடுப்பில் ஊன்றி இரண்டு தட்டு தட்டினால் அப்பாடா என்றிருக்கும். ஞானாம்பாளுக்கோ எல்லாம் தலைகீழ். குனிந்து வாரும்போது ஒன்றும் இல்லை. நிமிர்ந்து நாலடி நடந்தால் வலது புட்டத்தில் கொக்கி போட்டது போல ஒன்று பிடிக்கும். பிடித்தது அங்கேயே நிற்குமா என்றால் நிற்காது. தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைச் சுற்றி, கெண்டைக்காலின் ஓரமாக ஓடி, கால் கட்டைவிரலில் போய்ச் சுண்டும். மறுபடி குனிந்தாலோ உட்கார்ந்தாலோ வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இப்படி ஒரு வலியை யாரிடம் சொல்லி யாரை நம்ப வைக்க முடியும்?

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷத்துக் கதை. அப்போது அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கட்டுக்குட்டான உடம்பு, அகலமான பாதம். புருஷன் ஆதிமூலத்துக்கும் அதே அளத்தில்தான் வேலை. கழுவெளி ஏரியிலிருந்து வாய்க்காலில் வரும் உப்புத்தண்ணீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சுகிறவன் அவன். மண்வெட்டி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பிள்ளை குட்டி கிடையாது. அதனாலோ என்னவோ, இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தே பொழுதை ஓட்டினார்கள்.

ஞானாம்பாளின் பெருமை முழுவதும் அவள் காலில் இருந்தது. மழை முடிந்து அளத்தில் வேலை தொடங்கும்போது பாத்திகள் எல்லாம் சேறாகக் கிடக்கும். அந்தச் சேற்றை மனுஷக் காலால்தான் மிதித்து இறுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் குதிகாலை ஊன்றி மிதித்துக்கொண்டே நகர்வார்கள். தரை சிமெண்டு போல இறுகினால்தான் உப்பில் மண் கலக்காது. வரிசையின் தலைப்பில் நிற்கிறவளுக்கு 'முதல் கால்' என்று பெயர். தாளம் அவளுடையது. மற்றவர்கள் அவள் காலைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக முதல் கால் ஞானாம்பாள்தான். அவள் மிதித்த பாத்தியில் விளைந்த உப்பைக் கையில் அள்ளிக் காட்டி, "பார்றா, பல்லு மாதிரி இருக்குது" என்று மேஸ்திரி பக்தவச்சலமே சொல்லியிருக்கிறார். யாரையும் லேசில் புகழ்ந்துவிடுகிற ஆள் இல்லை அவர்.

அதே பக்தவச்சலம்தான் பங்குனி வெயிலில் அவளைப் பிடித்துக்கொண்டார். தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் வந்தவள் பாதி வழியில் கூடையை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பின்னால் வந்தவர்கள் தேங்கிப்போனார்கள்.

"இன்னா ஞானம்மா, ஊர்வலமா போறோம்? நடம்மா."

"மேஸ்திரி, காலு இழுக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துக்கினு வர்றேன்."

"உக்கார்றதுக்கு ஊட்டுலயே இருந்திருக்கலாமே. இங்க எவளும் உக்காரக் கூடாது. நீ உக்காந்தா நாளைக்கு நாப்பது பேரு உக்காருவா."

சரி, கூடை தூக்க முடியவில்லை என்றால் வாரும் வேலைக்காவது போ என்று அனுப்பினார். அங்கேதான் வினை. குனிந்ததும் வலி போய்விட்டது. வலி போனதும் மனசு லேசாகி, பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த சாலம்மாள் ஏதோ சொல்ல, ஞானாம்பாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சாலம்மாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் வாயைத் திறந்தால் கல்லும் சிரிக்கும். சிரித்த முகத்தை பக்தவச்சலம் பார்த்துவிட்டார்.

"இப்ப எங்க போச்சு வலி? சேந்து சிரிக்குதா?"

"குனிஞ்சா வலிக்கல மேஸ்திரி. நிமிந்தாத்தான்..."

"உலகத்துல எல்லாருக்கும் குனிஞ்சா வலிக்கும். உனக்கு மட்டும் நிமிந்தா வலிக்குதா? நல்லா இருக்குது கதை!"

அன்றிலிருந்து அவளுக்கு 'சினிமாக்காரி' என்று பேர் வந்துவிட்டது. ஊருக்கு வேறு என்ன வேலை? அவள் கம்பை ஊன்றிக் கூன் போட்டுக்கொண்டு போனால், "இன்னாத்தத் தொலைச்சிட்டு தேடிக்கினு போறே?" என்று கேட்பார்கள். அவளும் முதலில் சிரித்துத்தான் சமாளித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கைகால் பிசகு எடுக்கிறவர் ஒருவர் அவளைக் குப்புறப் போட்டு இடுப்பில் ஏறி மிதித்தார். அன்று வீடு வந்து சேர்வதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள். கம்பவுண்டர் வாரம் ஒரு ஊசி போட்டார். திண்டிவனத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா இருக்கே, வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். ரெஸ்ட் எடுங்க" என்றார். நல்ல சேதிதான். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஞானாம்பாளுக்கு அதுவே உறுத்தியது. படத்திலேயே ஒன்றும் இல்லை என்றால் ஊர் சொல்வதுதான் நிஜமா? தனக்கே தெரியாமல் தான் நடிக்கிறோமா? பஸ் சீட்டில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் வலியும் இல்லை. ஊரார் மேல் வராத சந்தேகம் அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

ஆடி மாசத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்னால் யாரோ, "ஆயா, செருப்பு! செருப்ப உட்டுட்டுப் போறே" என்று கத்தினார்கள். குனிந்து பார்த்தால் வலது காலில் ரப்பர் செருப்பு இல்லை. எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறாள், தெரியவில்லை.

"செருப்பு போனது கூடத் தெரியாம இன்னா யோசனை? எவன நெனைச்சிக்கினு வந்தே?" என்று ஆதிமூலம் கேலி செய்தான். வழக்கமாக அதற்கு இரண்டு மடங்கு பதில் வரும். அன்று அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலை மடக்கிப் பார்த்தாள். பாதத்தின் மேல்புறம் மரத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஆதிமூலம் பயந்தான். ஆவணியில் அவளை மெட்ராசுக்கு, நரம்புக்கென்று தனியாக டாக்டர் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

பெரிய டாக்டர் மெதுவாகப் பேசுகிற மனுஷர். முதல் கேள்வியே அதுதான்.

"அம்மா, எப்ப வலிக்குது? குனிஞ்சாலா, நிமிர்ந்தாலா?"

ஞானாம்பாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். உண்மையைச் சொல்லி இத்தனை மாசம் பட்டது போதும் என்று தோன்றியது. உலகத்துக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னாள்.

"குனிஞ்சாத்தாங்க வலிக்குது."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வராந்தாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னார். போகும்போது அவள் நிமிர்ந்துதான் போனாள். பாதி தூரத்தில் முதுகு வளைய ஆரம்பித்தது. திரும்பும்போது அரிவாள் போல வளைந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் முகம் தெளிந்துவிட்டது. டாக்டர் எழுதியதை அடித்தார்.

"நிமிர்ந்தாத்தானே வலிக்குது? ஏன் மாத்திச் சொன்னீங்க?"

அவ்வளவுதான். ஞானாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வலியால் அழவில்லை. ஒருத்தர் நம்பிவிட்டாரே என்று அழுதாள். ஆதிமூலத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார்கள். இடது விரல் சொன்னபடி நிமிர்ந்தது. வலது விரல் அரைமனசாக எழுந்து விழுந்தது. குண்டூசியால் தொட்டுக்கொண்டே வந்தார்கள். கெண்டைக்காலின் வெளிப்பக்கத்திலும் பாதத்தின் மேலும் குத்துகிறார்களா தடவுகிறார்களா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு முதுகுத்தண்டில் ஊசியால் மருந்தை ஏற்றி, மேஜையோடு சேர்த்து வாரால் கட்டி, மேஜையையே தலைகீழாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். தலை கீழே, கால் மேலே. கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டது போலத் தான் கிடப்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. கட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் டாக்டர் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"முதுகெலும்பு ஒரே எலும்பு இல்ல. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. ரெண்டு எலும்புக்கும் நடுவுல, பின்பக்கமா, கதவுக்குக் கீல் இருக்கிற மாதிரி சின்னச் சின்ன மூட்டு இருக்கு. முழங்கால் மூட்டுல இருக்கிற மாதிரியே அதுக்குள்ளயும் வழுவழுன்னு நீர் இருக்கும். மூட்டு தேஞ்சுபோனா சில பேருக்கு அந்த நீர் உள்பக்கமா பிதுங்கிப் பை மாதிரி ஆயிடும். ஒரு நீர்க்கட்டி. அது காலுக்குப் போற நரம்பை அமுக்குது. நிமிர்ந்தா அந்த இடம் குறுகும், நரம்பு நசுங்கும். குனிஞ்சா இடம் விரியும், வலி விடும். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், இது தெரியாது. மருந்து ஏத்தி எடுத்த படத்துல மருந்து அந்த இடத்துல மட்டும் ஒதுங்கிப் போயிருக்கு. டிஸ்க் நழுவினாலும் இப்படி வரலாம். ஆனா மூட்டை ஒட்டியே இருக்கிறதால நீர்க்கட்டின்னுதான் நெனைக்கிறேன். திறந்து பார்த்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

"ஆப்பரேசனா சார்?" என்றான் ஆதிமூலம்.

"ஆமா. புரட்டாசி அமாவாசை கழிஞ்சு வர்ற திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க. தள்ளிப்போடாதீங்க. வலியை எப்ப வேணா எடுத்துடலாம். ஆனா கால் விழ ஆரம்பிச்சிருக்கு. மொத்தமா விழுந்துட்டா திரும்பத் தூக்கித் தர என்னால முடியாது."

இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்ல முடியாது. இருவரும் கேட்டார்கள். ஆனால் ஊர் வந்து சேர்ந்தபோது ஞானாம்பாளின் மனசில் நின்றது 'கால்'. ஆதிமூலத்தின் மனசில் நின்றது 'நீர்'.

அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதுகெலும்பைக் கத்தியால் திறப்பார்கள் என்ற நினைப்பே அவனுக்குச் சோறு இறங்கவிடவில்லை. திறந்து, மூடி, அவள் எழுந்திருக்காமலே போய்விட்டால்? இரண்டு நாள் வாய்க்கால் கரையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தான்.

"நீருதானே? கல்லா இருந்தாத்தான் வெட்டி எடுக்கணும். நீர இழுக்கிறதுக்கு உப்பை உட்டா வேற இன்னா இருக்குது? மழக்காலத்துல உப்புக்குவியல் காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்துக்குது. உடம்புல இருக்கிற ஈரத்த இழுக்காதா?"

"முதுகுல வெச்சா தோலு வெந்துடும்யா."

"முதுகுல யாரு வெக்கச் சொன்னா? மேல்பாத்தியில தண்ணி நின்னா மேல நின்னா இறைப்பாங்க? கீழ மடை வெட்டணும். தானா எறங்கும். வலி எங்க போயி முடியுதோ அதான் மடை."

நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீரோடு பிறந்து தண்ணீரோடு கிடக்கிறவன் சொல்கிறான். இந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது டாக்டருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? ஞானாம்பாளுக்குக் கத்தி மேல் இருந்த பயமும் சேர்ந்துகொள்ள, சரி என்றுவிட்டாள்.

கல்லுப்பை இரும்புச் சட்டியில் போட்டுப் படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுத்தான். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, அவளுடைய வலது கெண்டைக்காலின் ஓரத்திலும் பாதத்தின் மேலும் வைத்து அழுத்தினான். தன் உள்ளங்கையே பொறுக்கவில்லை, கையை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"சுடுதா?"

"இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா சுடலய்யா. இன்னும் கொஞ்சம் வையேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சுடவே இல்லை. பல மாசமாக வலியைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருந்த காலில் ஒன்றுமே தெரியாமல் இருந்தது அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவன் மூட்டையைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணி வைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மூட்டையைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தான்.

காலையில் கட்டை அவிழ்த்தவன் போட்ட சத்தத்தில் சாலம்மாள் ஓடி வந்தாள். வேட்டித் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மூட்டைக்குள் உப்பு கரைந்து களியாகியிருந்தது. காலில் கோலிகுண்டு கோலிகுண்டாகக் கொப்புளம். ஒன்றிரண்டு உடைந்து தெளிந்த நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எறங்குது ஞானம்! நீர் எறங்குது பாரு!"

ஞானாம்பாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆமாம், நீர்தான். டாக்டர் சொன்ன அதே நீர். நிறம்கூடச் சரியாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. சாலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அய்யனார் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். ஆதிமூலம் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் அந்த வருஷத்தில் அவர்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள். அவளை அவன் எழுந்திருக்கவே விடவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்து ஊட்டிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து மடை திறந்த காலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முழங்காலை மடக்கிச் சுருண்டே கிடந்ததால் வலியும் அடங்கியிருந்தது. அது சுருண்டு கிடந்ததால் வந்த சுகம் என்று யாருக்குத் தோன்றும்? நீர் வடிய வடிய வலி குறைகிறது என்றே நம்பினார்கள். அமாவாசை வந்தது, போனது. திங்கட்கிழமையும் வந்தது.

"போவணுமாய்யா?" என்று அவள் கேட்டாள்.

"எதுக்கு? அறுக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் பொறு, முழுக்க வத்தட்டும். அப்புறமா டாக்டருக்கு நீயே நடந்துபோய்க் காட்டு" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். போர்வைக்குள் வலது கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அது எழுந்ததா இல்லையா என்று போர்வைக்குள் தெரியவில்லை. போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் நாற்றம் அடித்தபோது, எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஆதிமூலம் மூலை முடுக்கெல்லாம் தேடினான். நாற்றம் காலிலிருந்து வந்தது. கொப்புளம் இருந்த இடமெல்லாம் கறுத்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அப்போதும் அவளுக்கு அந்த இடத்தில் எரியவில்லை. குளிர் ஜுரம் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர் ஓடியது. பஸ் வருகிற வரைக்கும் காத்திருந்து, அவளைத் தூக்கி ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தான்.

பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னப்பா வெச்சே இதுல?"

"வறுத்த உப்பு சார். நீர்க்கட்டின்னு சொன்னீங்களே. நீரு வடிஞ்சுது சார். நிறைய வடிஞ்சுது." கடைசி வார்த்தை சொல்லும்போதே ஆதிமூலத்தின் குரல் இறங்கிவிட்டது. டாக்டரின் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அது வேற நீருப்பா. வெந்துபோன தோல்ல இருந்து வர்றது. முதுகுல இருக்கிறது முதுகுலதான் இருக்கு. அந்த நரம்பு நசுங்கினதாலதான் இவங்களுக்குச் சூடே தெரியல." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தாலாவது ஆதிமூலத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீர்னு சொன்னவன் நான். இன்னும் விளக்கமா சொல்லியிருக்கணும்."

"இப்பவே ஆப்பரேசன் பண்ணிடுங்க சார். கால்ல வுழுறேன்."

"உடம்புல சீழ் இருக்கறப்ப முதுகெலும்பைத் திறக்க முடியாதுப்பா. சீழ் உள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து. புண்ணு ஆறட்டும்."

புண் சீக்கிரம் ஆறுகிற வழியாக இல்லை. உணர்ச்சி இல்லாத கால் ஆறுவதற்கும் அவசரம் காட்டாது போலிருக்கிறது. வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஞானாம்பாள் கிடந்தாள். வெளியே மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. காலையில் கண் விழித்ததும் அவள் செய்கிற முதல் காரியம் கட்டைவிரலைத் தூக்கச் சொல்வதுதான். மனசுக்குள் தன் விரலுக்குத் தானே உத்தரவு போட்டாள். பிறகு கெஞ்சினாள். பிறகு திட்டினாள். முதலில் விரல் கொஞ்சம் அசைந்தது. பிறகு அசைந்தது போல இருந்தது. பிறகு ஒரு நாள் விரலோடு சேர்ந்து பாதமே தொங்கிவிட்டது. டாக்டர் தினமும் வந்து பார்த்தார், புண்ணைப் பார்த்தார், விரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். ஆதிமூலம் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தான். எல்லோருடைய கண் முன்னாலும் கால் போய்க்கொண்டிருந்தது. ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த நாட்களில் அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவன் அவளுக்கு வாங்கி வரும் டீயை ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கிக் கொடுத்தான். அவளும் குடித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் புண் மூடியது. ஆப்பரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. மூட்டிலிருந்து பிதுங்கி, நரம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பை. அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு ஆதிமூலத்திடம் காட்டினார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. அவன் பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இத்துனூண்டா?" என்றான்.

தையல் பிரித்த பிறகு அவளை எழுப்பி நிறுத்தினார்கள். ஞானாம்பாள் பயந்து பயந்து நிமிர்ந்தாள். புட்டத்தில் கொக்கி விழவில்லை. இன்னும் நிமிர்ந்தாள். தொடையில் ஒன்றும் ஓடவில்லை. நேராக நின்று ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியைப் பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் இருப்பதை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"வலிக்குதா?" என்றான் ஆதிமூலம்.

"இல்ல."

சொன்னதும் இருவருக்கும் அந்த உப்பு மூட்டை ஞாபகம் வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடி எடுத்து வைத்தபோது இடது கால் முன்னே போயிற்று. வலது கால் முழங்கால் வரைக்கும் போயிற்று. பாதம் வரவில்லை. விரல்கள் தரையில் இழுபட்டன. டாக்டர் கணுக்காலுக்குத் தாங்கல் வைத்துப் பூட்ஸ் ஒன்று செய்து தரச் சொன்னார். சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டதால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

தை முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். மாசி பிறந்ததும் அளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கினார்கள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பை ஊன்றி நடந்து போனாள். முதுகு ஆணி அடித்தது போல நேராக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "நல்லா நிமிந்துட்டியே ஞானம்மா" என்று சந்தோஷப்பட்டார்கள். பொய்யாகச் சந்தோஷப்படவில்லை. சினிமாக்காரி என்று சொன்ன வாயெல்லாம் இப்போது அப்படிச் சொன்னது.

பெண்கள் வரிசை கட்டி நின்றிருந்தார்கள். அவள் கம்பை வரப்பில் வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கி, தலைப்பில் தன் இடத்துக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. சாலம்மாள் ஒதுங்கி இடம் விட்டாள்.

முதல் கால் வைத்தாள். இடது குதிகால் சேற்றில் நன்றாக இறங்கியது. வலது கால் மிதிக்கவில்லை, சேற்றைக் கீறிக்கொண்டு போனது. மறுபடி இடது இறங்கியது, வலது கீறியது. அவள் போன வழியெல்லாம் பாத்தியில் நீளமாக ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த பெண்கள் அந்தக் கோட்டின் மேல் இரண்டு மிதி கூடப் போட்டு மறைத்தார்கள். ஆனால் தாளம் போய்விட்டது. எந்தக் காலைப் பார்த்துக் கால் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பக்தவச்சலம் வரப்போரமாக வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக் கரையில் விரித்தார்.

"ஞானம்மா, வா. வந்து இப்படி உக்காரும்மா."

"நான் நிக்கிறேன் மேஸ்திரி. எனக்கு இப்ப நின்னா வலிக்கல."

"தெரியும்மா."

"நெசமா வலிக்கல. பொய் சொல்லல மேஸ்திரி."

"நான் இப்ப இல்லன்னு சொன்னனா? உக்காரும்மா நீ." அந்த மனுஷர் அப்படிப் பேசி அளத்தில் யாரும் கேட்டதில்லை.

வாய்க்கால் மடையில் ஆதிமூலம் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். வெட்டவும் இல்லை, அடைக்கவும் இல்லை.

ஞானாம்பாள் வரப்பைப் பிடித்துக் கரையேறினாள். துண்டின் மேல் உட்கார்ந்து, வலது காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கீழே சாலம்மாள் ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலைப்புக்கு நகர்ந்து, முதல் கால் வைத்தாள்.